மணப்பெண் வட்டு எடுக்கப் போயிருக்கிறாள்

"போட்டி முடிஞ்சு வந்து கல்யாணத்தை வெச்சுக்கலாமே, சியாமக்? அதுக்குள்ள என்ன குடிமுழுகிடப் போகுது?"

வணிக வளாகத்தின் வாசலில், தள்ளுவண்டியில் வாங்கிய ஆவி பறக்கும் பீட்ரூட்டை ஊதிக்கொண்டே கேட்டாள் பரஸ்தூ. உள்ளே பனியில் ரப்பர் வட்டைத் துரத்தும் பயிற்சி அப்போதுதான் முடிந்திருந்தது. ஈரானின் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கு தெஹ்ரானில் வாய்த்த பனி அவ்வளவுதான். துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு தளம், அதுவும் கடை திறப்பதற்கு முன்னால் மட்டும்.

"நீ திரும்பி வர்றப்ப பூங்கொத்தோட முன்னாடி நிக்கிறவன் உன் புருஷனா இருக்கணும்," என்றான் சியாமக். "கூட்டத்துல யாரோ ஒருத்தனா நின்னு கை தட்டச் சொல்றியா?"

அவள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். அவளைப் பெண் கேட்டு வந்த மற்றவர்கள் எல்லாம் தேநீர் ஆறுவதற்குள் 'விளையாட்டை எப்ப விடப் போற?' என்று ஆரம்பித்தவர்கள். இவன் ஒருவன்தான் கேட்கவில்லை. வியர்வை நாறும் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி வருவான். போன முறை முழங்காலில் அடிபட்டு, அணி அவளை விட்டுவிட்டுப் போனபோது பக்கத்திலேயே இருந்து தேற்றியவனும் இவன்தான். வயது முப்பதைத் தொடுகிறது. வெளிநாட்டில், அல்மாட்டியில் நடக்கும் இந்தப் போட்டியை விட்டால் அவளுக்கு இன்னொன்று கிடைக்காது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டது அவனுக்கும் தெரியும்.

அப்பா முணுமுணுத்தார். இஸ்ஃபஹானில் இருக்கும் சொந்தக்காரர்களை அழைக்கக்கூட அவகாசம் இல்லையே, நாலு பேர் தப்பாகப் பேசமாட்டார்களா என்றார். சியாமக் நேரில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னான். அவரும் கரைந்துவிட்டார்.

வியாழக்கிழமை கல்யாணம். கண்ணாடியும் மெழுகுவர்த்தியும் வைத்த விரிப்பின் முன்னால் இருவரும் உட்கார, அணிப் பெண்கள் தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடித்து, வாழ்வு இனிக்கட்டும் என்று வழக்கப்படி சர்க்கரைக் கட்டிகளை உரசினார்கள். மணப்பெண்ணிடம் மூன்று முறை கேட்பது வழக்கம்; மூன்றாவதுக்குத்தான் அவள் பதில் சொல்வாள். "சம்மதமா, மகளே?" என்று பதிவாளர் முதல் முறை கேட்டார். மணப்பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்று வழக்கமான பதிலைச் சொல்லாமல், கேப்டன் நஸ்தரன் குறும்பாகக் குரல் கொடுத்தாள்.

"மணப்பெண் வட்டு எடுக்கப் போயிருக்கா."

கூடமே சிரித்தது. இரண்டாம் முறை கேட்டபோது, "மணப்பெண் கோல் போடப் போயிருக்கா." மூன்றாம் முறை பரஸ்தூ தலை குனிந்து சம்மதம் சொன்னாள்.

திருமண ஒப்பந்தத்தில் பெண் தரப்பில் நிபந்தனை எதுவும் எழுத வேண்டுமா என்று பதிவாளர் கேட்டார். நஸ்தரன் அவள் முழங்கையை இடித்தாள். பரஸ்தூ அவளை முறைத்துவிட்டு, ஒன்றும் வேண்டாம் என்றாள். இவனிடம் போய் நிபந்தனையா?

அடுத்த வாரம் விமான நிலையத்துக்கு அவனே காரில் கூட்டி வந்தான். முழங்கால் பட்டை எடுத்தாயா, கம்பளிக் காலுறை எடுத்தாயா என்று வழியெல்லாம் விசாரித்தான். கண்ணாடிக் கதவருகே அவள் கையை விட மனமில்லாமல் விட்டான்.

பாஸ்போர்ட் வரிசையில் எல்லோரும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் முறை வந்தது. அதிகாரி கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பாஸ்போர்ட்டை மூடினார்.

"தள்ளி நில்லும்மா. உன் பேர்ல தடை இருக்கு. போக முடியாது."

தேசிய அணி என்றாள். மேலங்கியைத் திறந்து உள்ளே இருந்த சீருடையைக் காட்டினாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற நஸ்தரன் பதறிப்போய், சியாமக்கைக் கூப்பிடு என்று சைகை காட்டினாள்.

பரஸ்தூ வெளியே ஓடினாள். நல்லவேளை, விட்ட இடத்திலேயே அவன் நின்றிருந்தான்.

"சியாமக், ஏதோ தப்பு நடந்துபோச்சு. என்னை விடமாட்டேங்கறாங்க. உள்ள வந்து பேசு, சீக்கிரம்."

அவன் பதறவில்லை. அவள் தோளிலிருந்து பையை மெதுவாகக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"தப்பெல்லாம் இல்ல. நான்தான் எழுதிக் கொடுத்தேன். வா, வீட்டுக்குப் போகலாம்."

"என்ன எழுதிக் கொடுத்த?" அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள்.

"புருஷன் வேண்டாம்னா பொண்டாட்டிய நாட்டை விட்டு அனுப்பமாட்டாங்க," என்றான் அதே கனிவோடு. "கல்யாணம் ஆகாத பொண்ணைத் தடுக்க எனக்கு ஏது உரிமை? அதனாலதானே அவ்வளவு அவசரப்பட்டேன்."