பதினைந்தாவது கட்டுரை

"ஊசி பலிக்கலைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டர். இல்லன்னா எங்க வூட்டுக்காரரு என்னைக் கொன்னே போட்டுடுவாரு."

தனம் உட்கார மறுத்து நின்றுகொண்டே பேசினாள். 

டாக்டர் கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எத்தனை மாசம்?"

"மூணு. அவருக்கு இன்னும் தெரியாது."

மேஜையில் லண்டன் மருத்துவப் பத்திரிகையிலிருந்து பிழை திருத்த வந்த அச்சுப்படி கிடந்தது. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் இந்த அறையில் உட்கார்ந்துதான் கலியபெருமாள் பதினான்கு கட்டுரைகள் எழுதி வெளியிட்டிருந்தார். ஒன்றைக்கூட யாரும் சீண்டவில்லை. இது பதினைந்தாவது.

ஆண்களுக்கான கருத்தடை ஊசி. வாரம் ஒரு ஹார்மோன் ஊசி. நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். 1983 தொடங்கிப் பதினெட்டு மாதம், மில் தொழிலாளர்கள் இருபது பேர். 'ஒரு கர்ப்பம்கூட இல்லை' என்ற வரிதான் கட்டுரைக்கு உயிர். திருத்திய படி இன்று மாலை ஏர்மெயிலில் போயாக வேண்டும்.

இருபது பேரில் ஒருவன் காத்தவராயன். அவன் மனைவிதான் எதிரில் நிற்கிறாள்.

"மாசா மாசம் உன் புருஷன் விந்தை மைக்ராஸ்கோப்ல வெச்சு எண்ணினவன் நான். ஒரு வருஷத்துக்கு மேல சுத்தமா பூஜ்யம். அதுல எப்படிம்மா குழந்தை வரும்?"

"அப்ப நான் எவன்கிட்டயோ போனேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. கணக்கு சொல்லுது."

"உங்க கணக்குல மண்ணு வுழ!" தனம் மேஜையைத் தட்டினாள். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது டாக்டர். மூணாவது வேணாம்னுதான் அவரு ஊசிக்குப் பேரு குடுத்தாரு. பக்கத்து வூட்டு ஆளு என்னைப் பாத்து சிரிச்சதுக்கே அருவாமனையத் தூக்கினவரு. இது தெரிஞ்சா வுடுவாரா?"

அவள் கேட்பது ஒரு வரி. அதை எழுதினால் அச்சுப்படியைக் குப்பைத்தொட்டியில் போடவேண்டியதுதான். எழுதாவிட்டால்?

தூரத்தில் மில் சங்கு ஊதியது. கலியபெருமாள் திடுக்கிட்டு நாள்காட்டியைப் பார்த்தார்.

"ஐயோ, இன்னைக்கு புதன்கிழமை! ஊசி நாள். உன் புருஷன் இப்ப வந்துடுவானே!"

வராந்தாவில் செருப்புச் சத்தம். அறைக்கு இருந்தது ஒரே வாசல். தனம் மிரண்டுபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். டாக்டர் மூலையிலிருந்த பச்சைத் திரையைக் காட்டினார். அவள் பாய்ந்து அதன் பின்னால் ஒளிந்தாள்.

கதவு திறந்தது. பதினெட்டு மாதமாக அவர் வாராவாரம் பார்க்கிற அதே ஒல்லி உருவம். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசு.

"வாப்பா காத்தவராயா."

அவன் கும்பிட்டுவிட்டு, வழக்கம்போல கட்டிலில் குப்புறப் படுத்தான். திரைக்குக் கீழே மெட்டி போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன. டாக்டர் குறுக்கே நின்றுகொண்டு மருந்தை ஏற்றினார்.

"என்னா டாக்டர், இன்னைக்கு ஊசி போட இவ்ளோ நேரம்?"

"வயசாகுதுல்ல? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வூட்டப் பத்திக் கேக்காதீங்க டாக்டர். நாளைக்கு அவள அவ அம்மா வூட்டுக்கே அனுப்பிடப் போறேன். இனிமே வராதன்னு சொல்லித்தான்."

"எதுக்குப்பா?"

"சொன்னா அசிங்கம். தெருவே பேசுது."

அவனுக்குத் தெரிந்துவிட்டது! கலியபெருமாள் கட்டிலில் கிடப்பவனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அப்புறம் மேஜைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். 'ஒரு கர்ப்பம்கூட இல்லை' என்ற வரியின் குறுக்கே, தாள் கிழிய ஒரு கோடு இழுத்தார்.

"எழுந்திருப்பா. தப்பு உன் பொண்டாட்டி மேல இல்ல. என் ஊசி தோத்துடுச்சு. கையெழுத்து போட்டு நானே எழுதித் தரேன்." திரையைச் சடாரென்று விலக்கினார். "வெளிய வாம்மா. பயப்படாத."

அவன் வேட்டியை இறுக்கிக்கொண்டு துள்ளி எழுந்தான்.

"அண்ணி! நீங்க எங்க இங்க?"

"அண்ணியா?" என்றார் டாக்டர்.

தனம் அவனையே வெறித்துக்கொண்டிருந்தாள். "குரலக் கேட்டதுமே திக்குன்னு ஆச்சு. இவரு எங்க வூட்டுக்காரரு இல்ல டாக்டர். இருசப்பன். அவரு போகாத நாள்ல மில்லுல அவரு எடத்துல வேலை பாக்கற பதிலி."

இருசப்பன் தலையைச் சொறிந்தான்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். அண்ணனுக்கு ஊசின்னா பயம். 'தெம்பு ஊசிதான்டா, மில்லுக்குப் போற மாதிரி இதுக்கும் நீயே பதிலியா போயிட்டு வா'ன்னாரு. மொத வாரத்துலேர்ந்து ஊசிக்கும், மாசா மாசம் டெஸ்ட்டுக்கும் நான்தான் வரேன். மாட்டேன்னா அப்புறம் மில்லுல என்னைக் கூப்புட மாட்டாரே."

கலியபெருமாளின் கையிலிருந்து பேனா நழுவியது.

"அப்ப நீ... அம்மா வீட்டுக்கு அனுப்பப் போறேன்னு சொன்னது?"

"என் பொண்டாட்டியத்தான் டாக்டர். கண்ணாலமாயி ஒண்ணேகால் வருஷமாச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல."