பங்காளி குத்திய தழும்பு

"மூக்குல வளந்திருக்கறது கிட்னிப் புற்றுநோய்ங்க. அங்கேருந்து பரவியிருக்கு. முன்னாடி கிட்னியில ஆபரேஷன் ஆச்சா?" என்றார் டாக்டர்.

"எனக்கா? ஊசிகூட போட்டதில்ல," என்றார் தாண்டவராயன், ரத்தம் கசியும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு.

"அப்ப விலாவுல இவ்ளோ பெரிய தழும்பு?"

"அதுவா? ஏரி மதகுத் தகராறுல தோ நிக்கிறானே, என் பங்காளி வேதகிரி, இவன் குத்தினது. சாலவாக்கத்துல யார வேணா கேளுங்க. குத்து வாங்கியும் சாயாத ஆம்பள நான்!"

வேதகிரி தலையைச் சொறிந்தார்.

"நான் குத்தவே இல்ல டாக்டர். மெட்ராஸ்ல இவன் கிட்னிய எடுத்தாங்க. நோயாளின்னா ஊர்ல ஒருத்தனும் மதிக்க மாட்டான்னு, நான் குத்தினதா ஒத்துக்கச் சொன்னான். அன்னைலேர்ந்து ஊரே என்னப் பாத்து பயந்துக்கினு கீது. நானும் வுட்டுட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. உடனே மெட்ராஸுக்குப் போய்க் கதிர்வீச்சு, அதாவது ஊர்ப்பேச்சில் 'கரண்ட்', வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

இருவரும் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். தாண்டவராயன் கண்ணையும் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஊர்ல கேட்டா இன்னாடா சொல்றது?" என்றார் வேதகிரி.

"என் மூக்குல நீ குத்து வுட்டதா சொல்லு. ஆனா மொத அடி என்னுதுன்னு சேத்து சொல்லிடு!"