கன்னத்தில் கை

"பதினெட்டாயிரம் ஆகும் அண்ணாச்சி" என்றான் அபிலாஷ்.

காரின் சொந்தக்காரர் கன்னத்தில் கை வைத்தார்.

அவ்வளவுதான். அபிலாஷுக்குப் புரிந்துவிட்டது. ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை.

விலை என்பது வேலையில் இல்லை, வாடிக்கையாளரின் முகத்தில் இருக்கிறது என்பது அபிலாஷின் கொள்கை. பெங்களூர்க்காரர் ஒருவர் ஆன்லைனில் இரண்டு நாள் நடத்திய வகுப்பில் கற்றது. அதோடு சொந்த ஆராய்ச்சியும் சேர்ந்திருந்தது. மாப்பிள்ளையூரணி ரோட்டில் கடை திறந்த இந்த நான்கு மாதத்தில் அவன் கண்டுபிடித்தது இது: தூத்துக்குடியில் பேரம் பேசத் தெரிந்தவன் வாயைத் திறக்கமாட்டான். கன்னத்தில் கை வைப்பான். நாம் இறங்கும்வரை எடுக்கமாட்டான்.

அப்படி ஐந்தாறு பேர் பாதி விலைக்குக் காரைப் பளபளப்பாக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. தொழில் மரியாதைதான்.

கடை என்று சொல்லக் கூடாது. ஸ்டூடியோ. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் அது சங்கு பேக்கேஜ். பாலிஷ் போட்டால் பவளம். பெயிண்டுக்கு மேல் கண்ணாடிபோலப் பூசும் செராமிக் கோட்டிங் என்றால் முத்து. இதையெல்லாம் தாங்க ஒரு போர்டு வேண்டாமா? கட்டடத்தின் அகலத்துக்கு வைத்தான். அகலத்தோடு விட்டானா என்றால் இல்லை, உயரத்திலும் குறை வைக்கவில்லை.

தன்னுடைய போர்டு மறைகிறது என்று மாடியில் இருக்கும் டாக்டர் இரண்டு முறை இறங்கி வந்து சொன்னார். வியாதிக்காரன் டாக்டரை எப்படியும் தேடி வந்துவிடுவான், செராமிக் கோட்டிங்குக்குத்தான் ஆளை வரவழைக்க வேண்டியிருக்கிறது என்று அபிலாஷ் அவருக்கு விளக்கி அனுப்பினான். நீங்கள் என்ன டாக்டர் என்று கேட்கத் தோன்றவில்லை.

அத்தனை பெரிய போர்டில் ஓரிடத்திலும் விலை கிடையாது.

"வேலைக்கு இவ்வளவுன்னு எழுதிப் போட்டா என்ன? ஆளப் பாத்து விலை சொல்லுதது என்ன பழக்கம்?" என்று மனைவி ஜாஸ்லின் கேட்டிருந்தாள். நாசரேத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான் இருக்க வேண்டும்.

"எழுதிப் போட இது என்ன பரோட்டாக் கடையா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்திருந்தான்.

அவன் கையில் இருக்கும் பாலிஷ் மெஷின், ஒரு காலத்தில் அவள் கழுத்தில் கிடந்த செயின். வருகிற புதன்கிழமை சாத்தான்குளத்தில் அவள் தங்கை ஜெஸ்மிக்குக் கல்யாணம். கோவிலில் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாலும் கவரிங்கைக் கண்டுபிடித்துவிடும் சித்திமார் ஜாஸ்லினுக்கு ஏராளம். அதற்குள் செயின் அடகிலிருந்து மீள வேண்டுமென்றால் ஒரு முத்து விழ வேண்டும். நான்கு மாதத்தில் சங்கும் பவளமும் விழுந்தன. முத்து விழவில்லை.

இப்போது அந்த முத்து வாசலில் நின்றது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பெரிய கார். மேலே துறைமுகத்து நிலக்கரித் தூசி, கீழே உப்பளத்துச் சேறு. பக்கத்தில் அதன் சொந்தக்காரரான உப்பு வியாபாரி, கன்னத்தில் வைத்த கையோடு.

"உங்களுக்காகப் பதினஞ்சு."

அவர் கண்ணை மூடினார். தலையை மெல்ல அசைத்தார். ஆமாம் என்பதா, வேண்டாம் என்பதா என்று பிரிக்க முடியாத அசைப்பு. அபிலாஷ் உள்ளுக்குள் கைதட்டினான். பெங்களூர் வகுப்பில் இதெல்லாம் கிடையாது.

"பன்னெண்டு. சீட்டெல்லாம் ஃப்ரீயா கிளீன் பண்ணித் தாரேன்."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை வந்தது. வாயை மூடியது. சிரிப்பை மறைக்கிறார்.

"எட்டு, அண்ணாச்சி. இதுக்குக் கீழ இறங்குனா எங்க வீட்ல என்னைய உள்ள விடமாட்டா."

அவர் ஒரு விரலை உயர்த்தினார்.

ஒன்றா? ஆயிரம் ரூபாயா?

"ஒண்ணெல்லாம் கட்டாது அண்ணாச்சி. மேல பூசுத லிக்விடே அதைவிட ஜாஸ்தி. கடைசியா மூணு. மூணுன்னா மூணு."

மூவாயிரத்துக்குச் செயின் வராது. அதன் கொக்கி வரலாம்.

உப்பு வியாபாரி சாக்கடைப் பக்கம் திரும்பினார். வாய்க்குள் விரலை விட்டு, சிவந்துபோன பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்துப் போட்டார்.

"கடவாப் பல்லு" என்றார், மரத்துப்போன வாயால். "அரை மணி நேரம் வாயத் தொறக்கப்பிடாதுன்னுட்டாங்க. சரி, பண்ணும்னு தலையாட்டுதேன். செத்த பொறும்னு வெரலக் காட்டுதேன். நீரு நிக்காம இறங்கிக்கிட்டே போறீரு."

அபிலாஷ் சிரித்துப் பார்த்தான். "அப்போ பதினெட்டுக்கே முடிச்சிருவோம் அண்ணாச்சி."

"அது எப்படி வே? பதினெட்டாயிரம் ரூவா வேலைய மூவாயிரத்துக்குச் செய்வேன்னு இப்பத்தான சொன்னீரு. ரெண்டுல எது பொய்யின்னு பல்லு வலியோட நான் ஆராய்ச்சி பண்ணவா? கார் இப்படியே கெடக்கட்டும்."

கார் போனது, தூசியோடு. செயினும் அதோடு போனது.

அபிலாஷ் ரோட்டில் இறங்கி, அந்தப் பக்கம் போய் நின்று, முதல் முறையாகத் தன் போர்டைத் தூரத்திலிருந்து பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. அதன் மேல் விளிம்புக்கு மேலே, டாக்டருடைய போர்டில் மிச்சமிருந்தது எட்டிப் பார்த்தது.

ஒரு பல்லின் பாதி. அதற்குக் கண்ணும் வைத்து வரைந்திருந்தார்கள்.

கட்டடத்தின் பக்கவாட்டுப் படியில் ஒருவர் மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தார். போன மாதம் பாதி விலைக்குப் பவளம் போட்டுக்கொண்டு போனவர்.

இன்றும் அவர் கை கன்னத்தில்தான் இருந்தது.