நீலக் கோட்டு

யானினா நகரத்து ஏரியின் ஈரக் காற்று கோட்டைச் சந்துக்குள் நுழைகிறது. ஜெர்மன்காரர்கள் லாரிகளில் ஏற்றிப்போன யூதர்களில் உயிரோடு திரும்பிய ஒருசிலரில் ஸ்தமுலாவும் ஒருத்தி. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுகிறாள். திறப்பது எதிர்வீட்டுப் பொலிக்சேனி. கையெல்லாம் மீன் செதில். உள்ளே வெங்காயம் வதங்குகிறது. “அடியே, நீயா! ஒருத்தரும் திரும்பமாட்டீங்கன்னு சொன்னாங்களே... வீடு சும்மா கெடக்குதேன்னுதான்...” ஸ்தமுலாவின் கண் பொலிக்சேனியின் பாவாடையைப் பிடித்து நிற்கும் சிறுமியின் மேல் இருக்கிறது. அந்த நீலக் கோட்டு, ஸ்தமுலா தன் மகள் ஹனூலாவுக்குத் தைத்தது. பொலிக்சேனிக்கு முகம் வெளுக்கிறது. “கழட்டுடி அத!” என்று மகளை உலுக்குகிறாள். “விடு பொலிக்சேனி, புள்ளைக்குக் குளிரும்.” ஸ்தமுலா மண்டியிடுகிறாள். கோட்டின் கீழ்மடிப்பைப் பிரித்து நீளமாக்கியிருக்கிறார்கள். வெயில் படாத அந்தப் பட்டை மட்டும் புதுசு போல இருக்கிறது. “எம் மவளுக்கும் இந்நேரம் இப்படித்தான் பிரிச்சு விட்டிருப்பேன்,” என்கிறாள். வெங்காயம் கருகும் வாசனை வருகிறது, பொலிக்சேனி அசையவில்லை. “ஹனூலா எப்ப வருவா?” என்று சிறுமி கேட்கிறாள். ஸ்தமுலா கோட்டின் கழுத்துப் பொத்தானை மாட்டுகிறாள். மாட்டிய பிறகும் விரல்களை எடுக்க முடியவில்லை.