இரண்டு மாதத் தாடி

“உக்காருடா நாற்காலியில! இன்னைக்கு உன் தாடி போகணும். இல்லாட்டி நீ போயிருவ.”

கந்தப்பளைக் கடைவீதியில் சலூன் வைத்திருக்கும் மாயாண்டி, சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடி சொன்னார். சொன்னது வாடிக்கையாளரிடம் அல்ல. அவர் கடையிலேயே வேலை செய்யும் அழகனிடம். ஊரார் முகத்தையெல்லாம் மழமழவென்று வழித்துவிடும் அழகன், இரண்டு மாதமாகத் தன் முகத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தான்.

“வேணாங்க மொதலாளி.”

“என்னடா வேணாம்? பலகாரமா குடுக்கிறேன், வேணாங்கிறதுக்கு?”

எழுபத்தோராம் வருடம். தெற்கே சேகுவேரா ஆட்கள் என்ற சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியதிலிருந்து, தாடி வைத்த இளவட்டங்களை இந்தத் தேயிலை மலையிலும் ஜீப்பில் அள்ளிக்கொண்டிருந்தது பொலிஸ். அள்ளப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வராதவர்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசவில்லை.

“நேத்து தோட்டத்துச் செல்லசாமியையுந்தான் தாடியோட ஜீப்புல ஏத்துனாங்க. விட்டுட்டாங்களே” என்றான் அழகன்.

பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்த இக்னேசியஸ் வாத்தியார் சிரித்துவிட்டார்.

“அது வேற கதைப்பா. அவன் சம்சாரம் ராசம்மாவுக்கு இது ஏழாம் மாசம். ஜீப்புக்கு முன்னுக்குப் போயி வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னுருச்சு. பொண்டாட்டி புள்ளத்தாச்சியா இருந்தா புருசன் சவரம் பண்ணக்கூடாது, அது இவங்க சனத்து வழக்கம்னு தோட்டத்துக் கிளாக்கரய்யா சிங்களத்துல வெளங்கப்படுத்துனாரு. பொலிஸ் சார்ஜன் சிரிச்சுக்கிட்டே எறக்கி விட்டுட்டாரு. ஊரெல்லாம் ஊரடங்குக்குப் பாஸ் எடுக்க அலையுது. இவன் பொண்டாட்டி வயித்தையே பாஸா காட்டிட்டு வந்துட்டான்.”

“அந்த வழக்கத்தால எம் பொழப்புல மண்ணு” என்றார் மாயாண்டி. “தோட்டத்துல பாதிப் பொம்பளைங்க முழுகாம இருக்காங்க. பாதி ஆம்பளைங்க கடைப்பக்கம் தலை வச்சுப் படுக்கிறதில்ல. சரி, புள்ளைக்கு ஆகாதுங்கிறான், அதுல ஞாயம் இருக்கு. உனக்கென்னடா? கல்யாணமா, காட்சியா? சலூன்காரனே கரடி மாதிரி நின்னா எவன்டா உள்ள வருவான்?”

“நேத்திக்கடன் மொதலாளி.”

“எந்தச் சாமிக்கு?”

அழகன் கொஞ்சம் யோசித்தான். “கதிர்காமத்துக்கு.”

“போன வாரம் மடு மாதான்னு சொன்ன?”

“ரெண்டு பேருக்குந்தாங்க.”

“தம்பி, மாதாவை இதுல இழுக்காத” என்றார் வாத்தியார்.

அப்போதுதான் சந்திப்பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஜீப்பு. கடை கடையா ஏறி வாராங்க.”

உடப்புசல்லாவையிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தவன் அழகன். ஆண்பிள்ளை இல்லாத மாயாண்டிக்கு அவன்தான் கடை, கை, கால் எல்லாம். அவனை ஜீப்பில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது.

“வாத்தியாரே, புடிங்க இவனை!”

இருவருமாக அமுக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாயாண்டி பிரஷைக் கிண்ணத்தில் சுழற்றினார். கந்தப்பளைக் குளிரில் தண்ணீர் விறைத்துப்போய்க் கிடந்தது, நுரை சரியாக எழும்பவில்லை.

“நாகு! சுடுதண்ணி கொண்டாம்மா, சுருக்கா!”

பின்கட்டுத் திரை அசையவில்லை. மகள் நாகலெட்சுமி கொஞ்ச நாளாகக் கடைப்பக்கமே வருவதில்லை. சோப்பு வாடை குமட்டுகிறதாம். மாயாண்டியும் மளிகைக்காரனோடு சண்டை பிடித்து இரண்டு தரம் சோப்பை மாற்றிப் பார்த்துவிட்டார். குமட்டல் மாறவில்லை.

காத்திருக்க நேரமில்லை. எழும்பிய நுரையை அள்ளித் தாடியில் அப்பினார். அழகன் திமிறினான்.

“மொதலாளி, கும்புடுறேன். நானே போயி ஜீப்புல ஏறிக்கிறேன். கத்தியை மட்டும் வச்சிராதீங்க.”

“அடப்பாவி! உசுரை விடத் தாடி பெருசாடா?”

“ஆமாங்க.”

இப்படியும் ஒருத்தனா என்று மாயாண்டி அவனை முறைத்தார். வாசலில் பொலிஸ் சப்பாத்துக் கால்களின் சத்தம். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு சார்ஜன் வந்து நின்றார். பின்னால் துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள். ஒரு பக்கக் கன்னம் வழித்திருந்தால்கூடப் போதும், சவரத்துக்கு வந்தவன் என்று சொல்லித் தப்பிக்கலாம். மாயாண்டி அழகனின் காதோரத்தில் கத்தியை வைத்தார்.

பின்கட்டுத் திரை விலகியது. சுடுதண்ணீர்ச் செம்பு தரையில் விழுந்து உருண்டது.

“அப்பா, வழிக்காதீங்க! வயித்துப் புள்ளைக்கு ஆகாது!”

கத்தி நின்ற இடத்திலேயே நின்றது. வாத்தியார் அழகனை விட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“யார் இவன்? எதுக்கு இந்தத் தாடி?” சார்ஜன் சிங்களத்தில் அதட்டினார்.

மாயாண்டி மகளைப் பார்த்தார். கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். அழகனின் கழுத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு கத்தியை மடக்கி வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னார்:

“நம்ம மருமகன், மாத்தயா. நேத்து விட்டீங்களே, அந்தச் செல்லசாமி கேசுதான்.”