எழுபத்து நான்கா, இருபத்தொன்றா?

"இருபத்தொண்ணு," என்றாள் மகள்.

"நிதானமாப் பாரும்மா," என்றார் கண் டாக்டர்.

"நிதானமாத்தான் பார்க்கறேன். இருபத்தொண்ணு."

வண்ணப் புள்ளிகள் நிறைந்த அந்தப் பக்கத்தில் மற்றவர்களுக்கு எழுபத்து நான்கு தெரியும். ரயில் ஓட்டும் வேலைக்கான எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவளின் விண்ணப்பம், டாக்டரின் ஒரு கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

"புத்தகம் பழசு டாக்டர். சாயம் வெளுத்திருக்கும்," என்றார் அப்பா. சாய ஆலையில் டையிங் மாஸ்டர் அவர். எதிலும் முதலில் சாயத்தைத்தான் சந்தேகிப்பார்.

"புத்தகம் போன மாசம் வாங்கினது. கண்ணுக்குள்ள குச்சி மாதிரி சில செல் இருக்கு. அது மங்கல் வெளிச்சத்துக்கு. கூம்பு மாதிரி இருக்கறதுதான் நிறம் பார்க்கும். அதுல மூணு ரகம். உங்க பொண்ணுக்குப் பச்சைக்கான ரகம் சரியா வேலை செய்யல."

"மூணு பேர்ல ஒருத்தன் லீவு போட்டா மத்த ரெண்டு பேர் பார்த்துக்க மாட்டாங்களா?"

"பார்த்துக்கறாங்க. அதனாலதான் சிவப்பும் பச்சையும் குழம்புது. சிக்னல்ல அது ஆகாது."

"வாய்ப்பே இல்ல. அவளுக்கு என் கண்ணு டாக்டர். ஆயிரம் மீட்டர் துணியில ஒரு இழை நிறம் மாறினா வாசல்ல நின்னே சொல்லிடுவேன். எங்க வம்சமே அப்படி."

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் அம்மா. "நீலச் சட்டைக்குக் கறுப்பு பட்டன் தச்சுட்டேன்னு மூணு நாள் என்கிட்டப் பேசல டாக்டர் இவர்."

டாக்டரின் பேனா நின்றது. "உங்க கண்ணா? பையன்னா அம்மா வழியில மட்டும் வந்ததுன்னு சொல்லலாம். பொண்ணுக்கு வரணும்னா ரெண்டு பக்கமும் வேணும். அப்பாவுக்கு இந்தக் குறை இல்லாம பொண்ணுக்கு வராதே."

அம்மாவின் கை, கைப்பையின் ஜிப்பிலேயே நின்றுவிட்டது. மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்திருக்க வேண்டாம் என்பது டாக்டருக்குச் சற்றுத் தாமதமாகவே உறைத்தது.

"புத்தகத்தை இப்படிக் குடுங்க," என்றார் அப்பா. ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இருபத்தொண்ணு," என்றார்.

"அப்பா!" மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஆலையில இத்தனை வருஷமா?"

"டின் மேல நிறத்தோட பேர் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாதா எனக்கு?"

"எனக்கு வேலை போனாலும் போகட்டும், இதை அத்தைகிட்டச் சொல்லாம விடமாட்டேன்," என்று போனை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள்.

படியிறங்கும்போது அம்மா மெல்லக் கேட்டாள்: "நாளைக்கு இது ஆலை வரைக்கும் போகும். இருபத்தஞ்சு வருஷப் பேரை இப்படிக் கெடுத்துக்கிட்டீங்களே?"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? ரெண்டு மாசக் குழந்தையா அவளைத் தத்தெடுத்து வந்ததை, போயும் போயும் ஒரு கண் டாக்டர் சொல்லியா அவ தெரிஞ்சுக்கணும்?"