தனிக்குடித்தனம்

“தாலி ஏறி ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள தனிக்குடித்தனம் கேக்குதோ?” மாமியார் பிரமநாயகி போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

வடிவு பால் சட்டியைப் பைக்குள் திணித்தாள். “இந்தா இருக்கு பாளையங்கோட்டை. இங்கன உங்களுக்குத் துணைக்குக் கொழுந்தனார் குடும்பம் இருக்குல்லா, அத்தை?”

“ஏலே குத்தாலிங்கம், இவ கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டியோ?”

மகன் பெட்டியை வாசலுக்குத் தூக்கிப் போனான்.

“இனி எம்மூஞ்சியிலேயே முழிக்காதிய!”

“சரி, அத்தை.”

ஆட்டோ வந்து நின்றது. “தாத்தா, பைய ஏறுங்க. ஆச்சி, பெட்டிய நான் வச்சுக்கிடுதேன்,” என்றான் டிரைவர்.

“போன வாரந்தான் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம்,” என்றாள் வடிவு. “மொதத் தாலி ஏறுனப்பவே தனிக்குடித்தனம் கேட்டேன். ரெண்டாந் தாலிக்குத்தான் கெடச்சிருக்கு. இவுக மனசு மாறுததுக்குள்ள வண்டிய எடுப்பா!”